மொபைல் கேம் வெளியீடு: விலையா, விளம்பரமா, பப்ளிஷரா?

கூகுள் ப்ளேயில் ஒரு கேமை ஒருமுறை இலவசமாக வெளியிட்டுவிட்டால், அதே கேமுக்குப் பிறகு விலை வைக்க முடியாது. கட்டண கேமை இலவசமாக்கலாம். இலவசத்தைக் கட்டணமாக்க வழியில்லை. விலை வைத்தே தீர வேண்டும் என்றால் வேறு பேக்கேஜ் பெயரில் (ஸ்டோர் ஒரு ஆப்பை அடையாளம் காணும் பெயர்) புதிய ஆப்பாகத்தான் ஏற்ற வேண்டும். அதுவரை சேர்ந்த டவுன்லோடு, ரேட்டிங், ரிவ்யூ எதுவும் கூட வராது. ஆப்பிள் ஸ்டோரில் இந்தத் தடை கிடையாது. அங்கே விலையை ஏற்றலாம், இறக்கலாம், இலவசமாக்கிவிட்டு மறுபடி விலையும் வைக்கலாம்.

மொத்த வெளியீட்டையும் இந்த ஒரு விதியின் கண்ணோடு பார்க்கலாம் என்பது என் கட்சி. வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் உட்கார்ந்து இரண்டு மூன்று பேர் ஒரு கேமை முக்கால்வாசி முடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து கேள்விகள் வரிசை கட்டி வரும். விலை வைப்பதா, விளம்பரம் போடுவதா? ஆண்ட்ராய்டா, ஐபோனா? கேமை வெளியிட்டுத் தரும் பப்ளிஷரிடம் கொடுப்பதா, நாமே ஏற்றிவிடுவதா? எது அதிக லாபம் தரும் என்று எக்செலில் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். முதல் கேமுக்கு அந்தக் கட்டங்களில் நிரப்பும் எண்கள் எல்லாமே ஊகம்தான். எத்தனை பேர் இறக்குவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எந்த வழியில் போனால் தப்பாகப் போகும்போது பின்வாங்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு இப்போதே நிச்சயமான பதில் இருக்கிறது.

காசு வரும் வழி

சிறு குழுவுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. விலை வைத்து விற்பது ஒன்று. இலவசமாகக் கொடுத்து விளம்பரம் காட்டுவது இன்னொன்று. தொடக்கப் பகுதியை இலவசமாகக் கொடுத்துவிட்டு, முழு கேமையும் திறக்க ஒரே ஒரு முறை காசு வாங்குவது மூன்றாவது. கேமுக்குள்ளேயே நாணயம், வைரம் என்று விற்றுக்கொண்டே இருப்பது நான்காவது.

நான்காவதை இப்போதே ஒதுக்கிவிடலாம். வாராவாரம் புதிதாக ஏதாவது தர வேண்டும், ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க சர்வர் வேண்டும், காசு போய்விட்டது வைரம் வரவில்லை என்று வரும் புகார்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். இந்த வகை கேம்களில் வருமானத்தின் பெரும்பகுதி வெகு சிலரிடமிருந்துதான் வரும். அந்தச் சிலர் கண்ணில் படவே லட்சக்கணக்கில் டவுன்லோடு தேவை, அதற்கு விளம்பரச் செலவு தேவை. பகல் வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு இது ஒத்துவராது.

விலை வைப்பதற்கு வருவோம். இதில் எல்லோரும் காட்டும் உதாரணம் லண்டனில் இருக்கும் அஸ்டூ கேம்ஸின் மான்யுமென்ட் வேலி. 2014 ஏப்ரலில் ஐபோனுக்கும் அடுத்த மாதம் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது, விலை 3.99 டாலர். 2015 ஜனவரியில் அவர்களே தங்கள் கணக்கைப் பொதுவில் வைத்தார்கள். செய்து முடிக்கச் சுமார் 8.5 லட்சம் டாலர் செலவு, வருமானம் 58 லட்சம் டாலருக்கு மேல். படித்ததும் நமக்கும் ஆசை வரும். ஆனால் அதே கணக்கில் 80 சதவீதத்துக்கும் மேலான வருமானம் ஆப்பிள் பக்கத்திலிருந்து வந்திருந்தது. ஆண்ட்ராய்டில் நிறுவப்பட்டவற்றில் 5 சதவீதம்தான் காசு கொடுத்து வாங்கியவை, ஐஓஎஸில் அது 40 சதவீதம் என்றும் சொன்னார்கள். மீதி எல்லாமே திருட்டுப் பிரதி இல்லை, ஒருவரே இரண்டு மூன்று சாதனங்களில் வைத்திருப்பதும் அதில் அடக்கம் என்று பிறகு விளக்கினார்கள். அப்படியே இருந்தாலும் இரண்டு ஸ்டோர்களுக்கும் நடுவே உள்ள பள்ளம் பெரிது.

அந்தப் பள்ளத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் என்று டொராண்டோவில் இருக்கும் ஸ்னோமேன் குழுவைச் சொல்லலாம். அவர்களின் ஆல்டோஸ் அட்வென்ச்சர் 2015 பிப்ரவரியில் ஐபோனுக்குக் கட்டண கேமாக வந்தது. ஓராண்டு கழித்து ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது இலவசம், விளம்பரத்தோடு. கேம் அதேதான், கடைக்குத் தக்கபடி வியாபாரம் மட்டும் வேறு. இரண்டு ஸ்டோர்களிலும் ஒரே முறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் முதல் முறை வெளியிடுகிறவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

கட்டண கேமுக்கு இன்னொரு சிக்கல், வாங்குகிறவருக்கு அந்த கேமைப் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஸ்டார்ட்யூ வேலி மொபைலுக்கு வந்தபோதும், 2024 செப்டம்பரில் பலாட்ரோ வந்தபோதும், கம்ப்யூட்டரில் அவற்றின் பெயர் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவியிருந்தது. மொபைலில் நன்றாக விற்கும் கட்டண கேம்களில் பல இப்படி வேறு இடத்தில் பெயர் வாங்கிக்கொண்டு வந்தவை. பெயர் தெரியாத குழுவின் பெயர் தெரியாத கேமுக்கு 99 ரூபாய் கேட்டால், மூன்று படங்களையும் ஒரு டிரெய்லரையும் பார்த்துவிட்டு எத்தனை பேர் கொடுப்பார்கள்? கொடுத்தவர்களும் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம் என்றால் இதையும் யோசிக்க வேண்டும்.

விளம்பரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தினமும் ஆயிரம் பேர் விளையாடுகிறார்கள், ஒருவர் ஒரு நாளில் மூன்று விளம்பரம் பார்க்கிறார், ஆயிரம் முறை காட்டினால் ஒரு டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மூன்று டாலர், மாதம் 90 டாலர். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும். ஆக, தினமும் ஆயிரம் பேர் விளையாடும் கேமிலிருந்து முதல் மாதம் கைக்கு எதுவும் வராது! அந்த ஆயிரம் பேரும் சும்மா வந்துவிடுவதில்லை. இறக்கியவர்களில் பாதிக்கு மேல் மறுநாளே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆயிரம் பேர் நிலையாக நிற்க அதைப் போலப் பல மடங்கு டவுன்லோடு தேவை. விளம்பரம் பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தும் தொகை மாறும். அமெரிக்காவில் காட்டும் விளம்பரத்துக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பகுதிதான் இந்தியாவில் கிடைக்கும்.

மறுபக்கம், ஆயிரம் பேர் 99 ரூபாய் கொடுத்தால் 15 சதவீதக் கமிஷன் போக, வரிக்கு முன் 84,150 ரூபாய். மேலே சொன்ன விளம்பர வருமானத்தில் இது சுமார் பத்து மாதத்துக்குச் சமம். ஆனால் தினமும் ஆயிரம் பேர் இலவசமாக விளையாடுவதும் ஆயிரம் பேர் காசு கொடுப்பதும் ஒரே அளவு கஷ்டம் இல்லை, இரண்டாவது ரொம்பவே கஷ்டம். கமிஷன் பற்றி ஒரு வார்த்தை: ஆண்டுக்கு முதல் பத்து லட்சம் டாலர் வரைக்குமான 15 சதவீத விகிதத்தை இரண்டு ஸ்டோர்களும் 2021இல் கொண்டுவந்தன. அது தானாகக் கிடைக்காது. ஆப்பிளில் சிறு வணிகத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், கூகுளில் அக்கவுன்ட் குரூப் ஒன்றை உருவாக்கிச் சேர வேண்டும். பல பேர் இதைக் கவனிக்காமல் வழக்கமான 30 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

விளம்பரம் எந்த கேமுக்குப் பொருந்தும்? மெல்போர்னில் இரண்டு பேர் தொடங்கிய ஹிப்ஸ்டர் வேல் 2014 நவம்பரில் க்ராஸி ரோடை வெளியிட்டது. ஒரு ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், உடனே அடுத்தது. நடுவில், விரும்பினால் ஒரு வீடியோ பார்த்து நாணயம் வாங்கிக்கொள்ளலாம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, காசு கொடுத்தவர் கூடுதல் தூரம் போகவும் முடியாது. 90 நாட்களில் 5 கோடி டவுன்லோடு, ஒரு கோடி டாலர் என்று மறு ஆண்டு அறிவித்தார்கள். மூச்சு விடும் இடைவெளி தானாக இருக்கும் கேமில்தான் விளம்பரம் உறுத்தாமல் உட்காரும். கதை சொல்லும் கேமில், ஒரு பாத்திரம் அழுதுகொண்டிருக்கும்போது ரம்மி விளம்பரம் வந்தால் எல்லாம் போச்சு.

இந்த இடத்தில் யாராவது ஃப்ளாப்பி பேர்டை இழுப்பார்கள். வியட்நாமின் டோங் ங்யூயென் தனி ஆளாகச் செய்தது, விளம்பரத்தில் நாளைக்கு 50,000 டாலர் வந்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் அது 2013 மே மாதமே வெளியாகி அரை வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. 2014 ஜனவரியில் திடீரென்று உச்சிக்குப் போனது, பிப்ரவரியில் அவரே அதை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார். ஏன் உச்சிக்குப் போனது என்று இன்றுவரை ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். திட்டம் போடுகிறவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மூன்றாவது வழிக்குத்தான் என் ஓட்டு. தொடக்கம் இலவசம், முழு கேமுக்கு ஒரு முறை கட்டணம். ஆண்ட்ராய்டில் முதல் கேம் வெளியிடும் சிறு குழு, கேமுக்கு ஒரு முடிவு உண்டு என்றால், இதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். காரணம் பின்வாங்கும் வசதி. ஆப் இலவசம் என்பதால் கூகுளின் அந்த விதி உங்களைத் தொடாது. உள்ளே இருக்கும் கட்டணத்தை 149லிருந்து 79ஆக்கலாம், பண்டிகைக்குக் குறைக்கலாம், யாருமே வாங்கவில்லை என்றால் எல்லாவற்றையும் திறந்துவிட்டு விளம்பரத்துக்கு மாறலாம். எங்கே பூட்டு போடுவது என்பதையும் அடுத்த அப்டேட்டில் நகர்த்தலாம்.

இதற்கும் குறை உண்டு. 2016 டிசம்பரில் சூப்பர் மாரியோ ரன் இதே முறையில்தான் வந்தது, முழு கேமுக்கு 9.99 டாலர். இலவசம் என்று நினைத்து இறக்கியவர்கள் மூன்று கட்டத்துக்குப் பிறகு கதவு மூடியதும் ஒற்றை நட்சத்திரத்தை வாரி இறைத்தார்கள். ஏற்றுக்கொள்ளக்கூடிய லாபத்தை இன்னும் எட்டவில்லை என்று நின்டெண்டோவே பிறகு சொன்னது. மாரியோவுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்று தோன்றும். இரண்டு காரியம் செய்தால் அடி குறையும்: ஸ்டோர் விவரத்தின் முதல் இரண்டு வரியிலேயே எவ்வளவு இலவசம், மீதி என்ன விலை என்று எழுதிவிடுங்கள். இலவசப் பகுதியை ஒரு முழுமையான துண்டாக வையுங்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்துவது போல் நிறுத்தாதீர்கள். ஐபோனில் ஏற்கெனவே வாங்கியதை மீட்டெடுக்கும் பட்டனை வைக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் ஆப்பிள் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

விரும்பியதைக் கொடுங்கள் என்று உண்டியல் வைப்பதும் உண்டு. மெக்கோராமா என்ற கேம் 2016இல் அப்படி வந்தது. நல்ல பெயர் கிடைக்கும். அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

நகல் பயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். த்ரீஸ் என்ற எண் புதிர் 2014 பிப்ரவரியில் கட்டண கேமாக வந்தது, மூன்று பேரின் பதினான்கு மாத உழைப்பு. மார்ச்சில் இத்தாலியின் கேப்ரியேலே சிருல்லி ஒரு வாரக் கடைசியில் செய்த 2048 இலவசமாக வந்து உலகம் முழுக்கப் பரவியது. பலர் த்ரீஸைத்தான் நகல் என்று நினைத்தார்கள். அடுத்த ஆண்டு த்ரீஸ் குழுவும் விளம்பரத்தோடு ஒரு இலவசப் பதிப்பைத் தனி ஆப்பாக வெளியிட்டது. இதற்கு நேர்மாறாக, வாம்பயர் சர்வைவர்ஸ் என்ற கேம் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோதே மொபைல் ஸ்டோர்களில் நகல்கள் முளைத்தன. 2022 டிசம்பரில் அதைச் செய்தவர்கள் தங்கள் மொபைல் பதிப்பை இலவசமாகவே இறக்கிவிட்டார்கள், கட்டாய விளம்பரம் எதுவும் இல்லாமல். ஒரு வரியில் விளக்கிவிடக்கூடிய விளையாட்டு என்றால் விலைச் சுவர் நகல்காரருக்குத்தான் வசதி. ஓவியமும் கதையும்தான் உங்கள் பலம் என்றால் அவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

எந்த ஸ்டோர் முதலில்

கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், கூடவே ஒரு மேக். ஆப்பிள் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் உங்கள் கேம் ஸ்டோரிலிருந்து மறைந்துவிடும். வருமானம் வராத கேமுக்கு வருடா வருடம் வாடகை கட்டுவோமா என்று இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இதைப் பார்த்தால் கூகுள் பக்கம் சுலபம் என்று தோன்றும். பணத்தில் சுலபம், நடைமுறையில் இல்லை. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், பொதுவில் வெளியிடும் முன், நாம் அழைத்தவர்கள் மட்டும் விளையாடிப் பார்க்கும் மூடிய சோதனை நடத்தியாக வேண்டும். முதலில் 20 டெஸ்டர்கள் என்றார்கள், 2024 டிசம்பரில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகி எண்ணிக்கை குறைந்தால் சிக்கல், அதனால் பதினைந்து இருபது பேரைச் சேர்த்துவிடுங்கள். காசுக்கு டெஸ்டர் தருகிறோம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இறக்கிவிட்டுத் திறக்காமலே வைத்திருப்பார்கள். டெஸ்டர்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று சொல்லி அனுமதி மறுக்கப்பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சித்தி பையன், பழைய கல்லூரித் தோழி, ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று நிஜமாக விளையாடக்கூடிய ஆட்களைப் பிடிப்பதே மேல்.

நிறுவனக் கணக்குக்கு இந்தச் சோதனை விதி இல்லை. அதற்குப் பதிவு செய்த நிறுவனமும், டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தரும் டன்ஸ் எண் என்ற நிறுவன அடையாள எண்ணும் வேண்டும். எண் இலவசம்தான், கைக்கு வர நாளாகும். தனிநபர் கணக்கா, நிறுவனக் கணக்கா என்பதில் டெஸ்டர் விஷயத்தை மட்டும் பேசுகிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தனிநபர் கணக்கில் கூகுள் ப்ளே வழியாகக் காசு வாங்கினால், உங்கள் முழு முகவரியும் ஸ்டோர் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வரும். விளம்பர வருமானம் மட்டும் என்றால் பெயர், நாடு, மின்னஞ்சலோடு நின்றுவிடும். ஐரோப்பாவில் ஆப்பிளும் வணிகராகப் பதிந்தவர்களின் முகவரி, தொலைபேசி எண்ணைக் காட்டுகிறது. வீட்டு முகவரி ஊருக்கெல்லாம் தெரிவதில் சம்மதமில்லை என்றால், குறிப்பாகப் பெண் டெவலப்பர்கள் இதைப் பற்றி முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது, நிறுவனமாகப் பதிந்து அலுவலக முகவரி ஒன்றை வைத்துக்கொள்வதுதான் வழி. ஒருமுறை வெளியே போன முகவரியைத் திரும்ப அழைக்க முடியாது.

வெளியிடும் முன் ஸ்டோர்காரர்கள் கேமைப் பார்த்து அனுமதிக்கும் ரிவ்யூவின் வேகத்தில் ஆப்பிள் முந்துகிறது. பத்தில் ஒன்பது விண்ணப்பங்களை ஒரு நாளுக்குள் பார்த்துவிடுவதாக அது சொல்கிறது. ஆனால் ஆட்சேபமும் அதிகம் சொல்லும். கூகுளில் புதிய கணக்கு என்றால் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

என் தீர்ப்பு இப்படி: உங்கள் ஆட்டக்காரர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றால் ஆண்ட்ராய்டு, யோசிக்கவே வேண்டாம், இங்கே பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட போன்கள் அதுதான். அமைதியான, அழகான, காசு கொடுத்து வாங்கும் கேம் என்றால், கையில் மேக்கும் இருந்தால், ஐபோன் முதலில். இரண்டிலும் ஒரே நாளில் வெளியிடுவது பெரிய குழுக்களுக்கு. இரண்டு பேர் குழுவில் இரண்டு ஸ்டோர்களிலும் ஒரே நேரத்தில் கோளாறு வந்தால் தூக்கம் போய்விடும்.

சோதனையா, சின்ன நாட்டில் வெளியீடா

பெரிய நிறுவனங்கள் பிலிப்பைன்ஸ், கனடா, நியூசிலாந்து மாதிரி நாடுகளில் முதலில் வெளியிட்டுப் பார்ப்பார்கள். நாமும் அப்படிச் செய்வோம் என்று சிறு குழுக்களும் கிளம்புகின்றன. அந்த முறை வேலை செய்வது விளம்பரம் போட்டு அங்கே ஆட்களை இறக்கும்போதுதான். காசு செலவழிக்காமல் நியூசிலாந்தில் வெளியிட்டால் நாற்பது டவுன்லோடு வரும், அதில் எந்த முடிவும் எடுக்க முடியாது. அங்கே ஆட்டக்காரர்கள் எழுதும் ரிவ்யூவும் பொதுவில்தான் இருக்கும். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய கூகுளின் திறந்த சோதனையில் வரும் கருத்து உங்களுக்கு மட்டும்தான் தெரியும், பொது ரேட்டிங்கில் சேராது. புதிய தனிநபர் கணக்குக்கு, வெளியீட்டு அனுமதி கிடைத்த பிறகுதான் திறந்த சோதனை திறக்கும். அனுமதி கிடைத்த கையோடு வெளியிட்டுவிடாமல் சில வாரம் அதில் வைத்திருப்பது நல்லது. ஐபோனுக்கு ஆப்பிளின் சோதனை வசதியான டெஸ்ட்ஃப்ளைட் இருக்கிறது, வெளியாட்கள் பத்தாயிரம் பேர் வரை சேரலாம், ஏற்றும் ஒவ்வொரு சோதனைப் பதிப்பும் 90 நாள் ஓடும்.

இதில் ஏன் இவ்வளவு நேரம் செலவிடச் சொல்கிறேன் என்றால், முதல் வெளியீட்டில் அரைகுறையாக இறங்க வழி இல்லை. அப்டேட்டுகளை 5 சதவீதம், 20 சதவீதம் என்று படிப்படியாக அனுப்பலாம், கோளாறு தெரிந்தால் நிறுத்தலாம். முதல் பதிப்புக்கு இரண்டு ஸ்டோர்களும் அந்த வசதியைத் தருவதில்லை. பட்டனை அழுத்தினால் எல்லோருக்கும்தான். ஆண்ட்ராய்டில் பயனர் கண்ணில் படும் கிராஷ் (கேம் திடீரென்று நின்றுபோவது) 1.09 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்டோரில் உங்களைக் காட்டுவதையே கூகுள் குறைக்கலாம். 12 டெஸ்டர்களை வைத்து அந்தச் சதவீதத்தை அளக்க முடியாது. ஆனால் மூன்று வருடப் பழைய, 3 ஜிபி ராம் உள்ள போன் வைத்திருக்கும் ஒரு டெஸ்டர், புதிய போன் வைத்திருக்கும் பதினோரு பேரைவிட அதிகம் சொல்லிவிடுவார்.

தமிழில் எழுத்து வைத்த கேம் என்றால் இங்கேயே ஒரு தனிச் சோதனை வேண்டும். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தமிழைத் தானாகக் கோத்துக் காட்டாது. கெ, கே, கொ எல்லாம் கொம்பு பின்னால் தள்ளி, உடைந்து நிற்கும். அதற்குத் தனி ப்ளக்-இன் அல்லது எழுத்துகளை முன்பே மாற்றி வைக்கும் வேலை தேவை. கோடோ 4 என்ற எஞ்சினில் இந்தப் பிரச்சினை இல்லை, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் தமிழ் ஒழுங்காக வரும். கேம் முடியும் தறுவாயில் எஞ்சினை மாற்றச் சொல்ல மாட்டேன். அடுத்த கேமுக்கு நினைவில் இருக்கட்டும். எஞ்சின் நிறுவனம் நடுவழியில் விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதை யூனிட்டியே 2023 செப்டம்பரில் காட்டிவிட்டது. ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, சரியாக ஓராண்டு கழித்து அதை முழுவதுமாகக் கைவிட்டது.

பப்ளிஷர்

எல்லாவற்றிலும் பின்வாங்கக் கடினமான முடிவு இது, ஏனென்றால் இதில் கையெழுத்து இருக்கிறது.

இரண்டு வகை பப்ளிஷர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு வகையினர் குட்டி கேம்களின் மாதிரியை வாங்கி, சில நாள் வீடியோ விளம்பரம் ஓட்டி, ஒரு டவுன்லோடுக்கு என்ன செலவாகிறது, மறுநாள் எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று பார்ப்பார்கள். எண் சரியில்லை என்றால் அடுத்த மாதிரி. பாரிஸின் வூடூ இந்த முறைக்குப் பேர்போனது. இரண்டு வாரத்தில் ஒரு மாதிரி செய்யத் தெரிந்தவருக்கு இது ஒரு தொழில். இரண்டு வருடம் ஒரே கேமைச் செதுக்கியவருக்கு இந்த வாசலில் வேலையில்லை.

இன்னொரு வகையினர் ஒரு கேமை எடுத்து, வேறு மேடைக்கு (ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்பது போல) மாற்றி, ஸ்டோர்காரர்களிடம் பேசி முகப்பில் இடம் வாங்கித் தருவார்கள். ஆல்டோஸ் அட்வென்ச்சரை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோனது கனடாவின் நூடுல்கேக். இப்படித் தெளிவான ஒரு வேலைக்காக, ஒரு மேடைக்கு மட்டும் கொடுப்பதை ஆதரிக்கிறேன். சீனாவில் காசு வாங்கும் கேம் வெளியிட வேண்டும் என்றால் அரசு உரிமம் தேவை, அதற்கு உள்ளூர் பப்ளிஷர் இல்லாமல் நடக்காது. அங்கே வேறு வழியில்லை.

"நாங்கள் ஸ்டோரில் ஏற்றித் தருகிறோம், பாதிப் பங்கு" என்று மட்டும் சொல்கிறவரிடம் போகாதீர்கள். ஏற்றுவது உங்களால் முடிகிற வேலை. பேச்சு வந்தால் கேட்க வேண்டியவை: கேம் யாருடைய கணக்கில் இருக்கும்? அவர்கள் செலவழித்ததை முதலில் கழித்துக்கொள்வார்கள் என்றால் எதெல்லாம் செலவு, அதற்கு உச்சவரம்பு உண்டா? விளம்பரத்துக்குக் குறைந்தது இவ்வளவு என்று எழுத்தில் தருவார்களா? ஒப்பந்தம் முடிந்ததும் கேம், ரேட்டிங்கோடு உங்கள் கணக்குக்குத் திரும்புமா? இரண்டு ஸ்டோர்களிலும் ஒரு ஆப்பை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வசதி இருக்கிறது. அதனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லி மறுத்தால் நம்ப வேண்டாம். இரண்டாம் பாகத்தின் உரிமையைச் சும்மா கேட்டால் அங்கேயே எழுந்துவிடலாம்.

தேதி

இதில் ஒப்பிட அதிகம் இல்லை. கூகுளில் முன்பதிவு திறந்தால் 90 நாளுக்குள் வெளியிட்டாக வேண்டும். கேம் முடியும் முன் அதைத் திறந்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். விளம்பர வருமானம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏறி, ஜனவரியில் விழும். விளம்பர கேமை ஜனவரியில் வெளியிட்டு முதல் மாத எண்களைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

ரிவ்யூவுக்கு அனுப்பும் நாளையும் வெளியிடும் நாளையும் பிரித்து வையுங்கள். இரண்டு ஸ்டோர்களிலும் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, நாமே பட்டனை அழுத்தும்போது வெளியிடும் ஏற்பாடு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அழுத்தினால் சனி, ஞாயிறில் வரும் கோளாறுக்கு அனுப்பும் திருத்தம் ரிவ்யூ வரிசையில் நிற்கும். செவ்வாய் காலையில் அழுத்திவிட்டு, முடிந்தால் ஆபீஸில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, ஆட்டக்காரர்கள் எழுதும் ரிவ்யூ ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். கிராஷ் ஆனது என்று ஒற்றை நட்சத்திரம் போட்டவர், சரிசெய்துவிட்டோம் என்று நீங்கள் சொன்ன பிறகு தன் ரேட்டிங்கை மாற்றிக்கொள்ள ஸ்டோர் இடம் தருகிறது, பல பேர் மாற்றவும் செய்கிறார்கள்.